ரத்தக் குழாயின் சுவர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நர்சிங் மாணவர்களுக்கு உடலியங்கியல் எடுக்கிறேன். கீழே உள்ள கேள்விகளில் பாதி வகுப்பில் வந்தவை. மீதி, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து வந்தவை. உங்கள் உடம்புக்கு என்ன மருந்து என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இங்கே பேச்சு சுவரைப் பற்றி மட்டும்.

தமனி, சிரை, நாடி, நாளம், நரம்பு... எது எது?

இதைத் தீர்க்காமல் மேலே போக முடியாது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில், இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோவது தமனி, திருப்பிக் கொண்டுவருவது சிரை, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மிக மெல்லிய குழாய் தந்துகி. இலங்கைப் பாடநூல்களில் தமனிக்கு நாடி என்றும் சிரைக்கு நாளம் என்றும் பெயர். தமிழ்நாட்டில் 'ரத்த நாளம்' என்றால் எல்லாக் குழாயும் அடக்கம். யாழ்ப்பாணத்தில் படித்தவருக்கு நாளம் என்றால் சிரை மட்டும். இரண்டு நாட்டுப் புத்தகங்களையும் வைத்துப் படிப்பவர்கள் முதலில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பேச்சுவழக்கு இன்னும் மோசம். "நரம்பு ஊசி", "கையில நரம்பே கிடைக்கல", "காலில் நரம்பு சுருட்டிக்கிச்சு". இந்த மூன்றிலும் நரம்பு என்பது சிரைதான். மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வார்டில் ஒரு பாட்டி "நரம்பு இழுக்குது" என்று சொன்னால், எந்த இடம் என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள் என்பது மாணவர்களுக்கு நான் சொல்லித் தரும் முதல் பாடம்.

சரி, சுவரில் என்னதான் இருக்கிறது?

மூன்று அடுக்கு. ரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள் அடுக்கில் எண்டோதீலியம், ஒரே ஒரு செல் கனத்தில். நடு அடுக்கில் மென்தசையும் எலாஸ்டின் என்ற புரதமும். வெளி அடுக்கில் பெரும்பாலும் கொலாஜன் நார். எலாஸ்டின் ரப்பர் பேண்டு மாதிரி, இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். கொலாஜன் கயிறு மாதிரி, ஓர் அளவுக்கு மேல் கொடுக்காது. மென்தசை சுருங்கும், தளரும். குழாயின் வாய் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பதை நிமிடத்துக்கு நிமிடம் மாற்றுவது அதுதான்.

எந்த இடத்தில் எந்தப் பொருள் எவ்வளவு என்பது அந்தக் குழாய் செய்யும் வேலையைப் பொறுத்தது. பெருந்தமனி சுமார் 2.5 சென்டிமீட்டர் அகலம், சுவர் 2 மில்லிமீட்டர், அதில் எலாஸ்டின் ஏராளம். இதயத்துக்குத் திரும்பும் பெருஞ்சிரை அதைவிட அகலம், ஆனால் சுவர் மெலிது. தந்துகியில் நடு அடுக்கும் இல்லை, வெளி அடுக்கும் இல்லை. எண்டோதீலியமும் அதைத் தாங்கும் அடித்தளச் சவ்வும் மட்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் அதன் சுவர், பல இடங்களில் அதுகூட இல்லை. அதற்குள் நுழையும் சிவப்பணு, தன் உடம்பை மடக்கிக்கொண்டு ஒற்றை வரிசையில் போக வேண்டும்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க வழி உண்டா?

கறிக்கடையில் ஆட்டு இதயம் வாங்கும்போது, மேலே இருக்கும் குழாய்களை ஒட்ட வெட்டிவிட வேண்டாம் என்று சொல்லி வாங்குங்கள். இரண்டு மூன்று துண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். வெளிர்மஞ்சளாக, கெட்டியாக, வாயைத் திறந்தபடி நிற்பது பெருந்தமனி. உள்ளே விரலை விட்டு அகட்டிப் பாருங்கள்: விரியும். விரலை எடுத்ததும் பழைய வளையமாகிவிடும். அந்த மஞ்சள், எலாஸ்டினின் நிறம். பக்கத்தில் ஈரத்துணி மாதிரி தொளதொளவென்று படுத்துக் கிடப்பது சிரை.

அப்புறம் அதைக் குழம்பிலும் போட்டுப் பாருங்கள். கொலாஜன் வேக வேக ஜெலட்டினாகக் கரைந்துவிடும். எலாஸ்டினுக்குக் குக்கரில் எத்தனை விசில் வந்தாலும் கவலையில்லை. பல்லுக்கு அடியில் ரப்பர் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும் துண்டு அதுதான்.

இதயம் விட்டுவிட்டுத் துடிக்கிறது. ரத்தம் மட்டும் எப்படி நிற்காமல் ஓடுகிறது?

ஆர்மோனியம் வாசிப்பவரைப் பாருங்கள். இடது கை துருத்தியை விட்டுவிட்டுத்தான் அழுத்துகிறது, ஸ்வரம் அறுபடுவதில்லை. உள்ளே இன்னொரு துருத்தி, ஸ்பிரிங்கோடு இருக்கிறது. வெளித் துருத்தி தள்ளும் காற்றில் ஒரு பங்கை அது வாங்கி வைத்துக்கொண்டு, கை ஓயும் நேரத்தில் விடுகிறது.

பெருந்தமனி அந்த உள் துருத்தி. இதயம் ஒரு தடவை சுருங்கித் தள்ளும் ரத்தத்தில் ஒரு பங்கு, சுவரை விரித்துக்கொண்டு அங்கேயே தங்குகிறது. இதயம் ஓய்வெடுக்கும்போது எலாஸ்டின் திரும்பிச் சுருங்கி அதை முன்னே தள்ளுகிறது. பிரஷர் பார்க்கும்போது '120க்கு 80' என்கிறார்களே, அந்தக் கீழ் எண் பூஜ்யத்துக்கு இறங்காமல் 80-இல் நிற்பதில் இந்தச் சுவருக்குப் பெரிய பங்கு உண்டு.

வயதானால் 'மேல் பிரஷர்' மட்டும் ஏறுவது ஏன்?

எலாஸ்டினின் பெரும்பகுதி கருவிலும் சிறுவயதிலும் நெய்யப்படுவது. அதன் பிறகு உடம்பு அதை அதிகம் புதுப்பிப்பதில்லை. அறுபது வயதில் ஒருவர் பயன்படுத்துவது ஏறக்குறைய பால்யத்தில் நெய்த அதே ரப்பர். நாளைக்கு ஒரு லட்சம் தடவை இழுத்து விட்டால் எந்த ரப்பர்தான் தாங்கும்? இழைகள் அறுபடுகின்றன, அந்த இடத்தைக் கொலாஜன் பிடிக்கிறது, சுவர் விறைக்கிறது. விறைத்த சுவர் விரியாததால் மேல் எண் ஏறும்; திரும்பிச் சுருங்கித் தள்ள ஆள் இல்லாததால் கீழ் எண் இறங்கும். 160க்கு 70 என்று ஒரு தாத்தாவுக்கு வந்தால், "கீழ எல்லாம் சரியாத்தான இருக்கு" என்று ஆறுதல் அடைய வேண்டாம். இடைவெளி அகலமாவதே சுவரின் கதையைச் சொல்கிறது.

பிரஷரைத் தீர்மானிப்பது பெரிய குழாய்களா, சின்னக் குழாய்களா?

சின்னவை. தந்துகிக்கு முன்னால் இருக்கும் நுண்தமனிகள். அவற்றின் சுவரில் தசை அதிகம், வாய் மிகக் குறுகல். ஒரு குழாயின் ஆரம் பாதியானால் அதில் ஓடும் அளவு பாதியாகாது. பதினாறில் ஒரு பங்காகிவிடும். நான்காம் அடுக்குக் கணக்கு. அதனால் தசை இம்மியளவு சுருங்கினாலும் பிரஷரில் பெரிதாகத் தெரியும்.

பலர் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரை இந்தத் தசைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைத்து அதைத் தளர்த்துகிறது. அதைச் சாப்பிடுபவர்களில் சிலருக்குக் கணுக்கால் வீங்குவதற்கும் காரணம் இதே சுவர்தான்: நுழைவாயில் தமனிப் பக்கம் திறந்துவிட்டது, வெளியேறும் சிரைப் பக்கம் அதே அளவுக்குத் திறக்கவில்லை, நடுவில் தந்துகியில் அழுத்தம் கூடி நீர் வெளியே கசிகிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வீக்கத்தை மருத்துவரிடம் சொன்னால் மாற்று இருக்கிறது.

தந்துகி இவ்வளவு மெலிதென்றால் ஏன் வெடிப்பதில்லை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சைக்கிள் டயரையும் டிராக்டர் டயரையும் நினைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் டயர் மெலிது, ஆனால் டிராக்டர் டயரைவிட அதிகக் காற்றழுத்தத்தைத் தாங்கும். சுவரை இழுக்கும் விசை, உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் குழாயின் ஆரத்தையும் பெருக்கினால் வருவது. குழாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு குறைவான இழுவை.

பெருந்தமனியின் ஆரம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல். தந்துகியின் ஆரம் மூன்று, நான்கு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அழுத்தமும் அங்கே நாலில் ஒரு பங்குதான். இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால், தந்துகியின் சுவர் தாங்க வேண்டிய இழுவை பெருந்தமனியினுடையதில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு செல் கனமே தாராளம். இதே கணக்கு எதிர்ப்பக்கமும் ஓடும். பெருந்தமனி ஓரிடத்தில் பலவீனப்பட்டுப் புடைத்தால் ஆரம் கூடும், ஆரம் கூடினால் இழுவை கூடும், இழுவை கூடினால் இன்னும் புடைக்கும். பெரிய புடைப்பைப் பார்த்தால் அறுவை மருத்துவர்கள் அவசரப்படுவது இதனால்தான்.

டெங்குவில் 'நீர் கசிகிறது' என்கிறார்களே, எங்கிருந்து?

தந்துகிச் சுவரிலிருந்து. எண்டோதீலியச் செல்கள் ஒன்றோடொன்று தைத்தாற்போல ஒட்டியிருக்கும். அவற்றின் மேல் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன ஒரு வழவழப்புப் பூச்சும் உண்டு. டெங்கு வைரஸ் வெளியிடும் என்.எஸ்.1 புரதமும், அதை எதிர்க்கும் நம் உடம்பின் ஆவேசமும் சேர்ந்து இந்தப் பூச்சையும் தையலையும் தளர்த்துகின்றன. சிவப்பணு உள்ளேயே நிற்கும். பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் கசியும்.

வீட்டார் எல்லாரும் தட்டணுக்கள் எத்தனை ஆயிரம் என்றுதான் கேட்பார்கள். டியூட்டி நர்ஸ் பார்ப்பது பி.சி.வி. என்ற இன்னொரு எண்ணை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை. நீர் வெளியேறினால் மிச்சமிருக்கும் ரத்தம் கெட்டியாகும், அந்த எண் ஏறும். கசிவு பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான் தொடங்குகிறது. "காய்ச்சல் விட்டுடுச்சு, வீட்டுக்குப் போறோம்" என்று பையைக் கட்டும் அதே நாள். 24 முதல் 48 மணி நேரத்தில் சுவர் தானாகவே சரியாகி, கசிந்த நீர் திரும்ப உள்ளே வரும். அந்த நேரத்தில் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றிக்கொண்டே இருந்தால் நுரையீரல் திணறும். அதனால்தான் முதலில் ஓடிய டிரிப்ஸைப் பிறகு குறைக்கிறார்கள், கஞ்சத்தனத்தால் அல்ல.

விரியன் கடித்தால் ஈறில் ரத்தம் வருவதும் இதனாலா?

ஒரு பகுதி. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் வகைப் பாம்புகளின் நஞ்சில் உள்ள சில நொதிகள் தந்துகியின் அடித்தளச் சவ்வை வெட்டுகின்றன. டெங்குவில் தையல் தளர்கிறது; இங்கே சுவரே கிழிகிறது, அதனால் சிவப்பணுவும் வெளியேறும். கூடவே ரத்தம் உறையும் சக்தியையும் நஞ்சு தீர்த்துவிடுவதால் கிழிசலை அடைக்க ஆளில்லை.

எண்டோதீலியம் வெறும் உள்பூச்சுதானே?

1970-கள் வரை பெரும்பாலோர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற மருந்தியலாளர் முயலின் பெருந்தமனியைப் பட்டையாக வெட்டி, அசிட்டைல்கோலின் ஊற்றிச் சோதித்துக்கொண்டிருந்தார். உயிருள்ள விலங்கில் அந்த மருந்து குழாயை விரிக்கிறது. அவருடைய பட்டையிலோ எப்போதும் சுருக்கியது. 1978-இல் ஒருநாள், பட்டைக்குப் பதில் வளையமாக வெட்டிய துண்டு தளர்ந்தது. தேடிப் பார்த்ததில் விஷயம் கேலிக்கூத்தாக இருந்தது. பட்டை வெட்டும்போது உள்பக்கம் எங்காவது உரசி, எண்டோதீலியம் தேய்ந்து போய்விடுகிறது. உரசாத பட்டை தளர்கிறது, உரசிய பட்டை சுருங்குகிறது. தசைக்குத் "தளர்" என்று சொல்வது அந்த ஒற்றைச் செல் அடுக்கு. 1980-இல் இதை வெளியிட்டார்.

அது அனுப்பும் செய்தி நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது சில ஆண்டுகளில் தெரிந்தது. 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு. நெஞ்சுவலிக்காரர்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும் சார்பிட்ரேட் மாத்திரை நாக்குக்கு அடியில் கரைந்து உடம்பில் உண்டாக்குவதும் அதே வாயுதான். டைனமைட்டில் இருக்கும் நைட்ரோகிளிசரினும் இந்தக் குடும்பத்து மருந்து. டைனமைட்டில் சம்பாதித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் இதய நோய்க்கு அதைத்தான் மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

நடக்கும்போது தமனியில் ஓட்டம் கூடுகிறதா, அந்த உரசலை எண்டோதீலியம் உணர்ந்து வாயுவை விட்டுக் குழாயை அகலமாக்குகிறது. கூட்டம் கூடக்கூடத் தன்னைத் தானே அகலப்படுத்திக்கொள்ளும் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொழுப்பு குழாய்க்குள் படிந்து அடைக்கிறது என்கிறார்கள். வெந்நீரில் எலுமிச்சை, பூண்டு குடித்தால் கரையாதா?

பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, தேன் காய்ச்சும் அந்த வாட்ஸ்அப் செய்தி எனக்கும் மாதம் ஒரு முறை வருகிறது. சமையலறைத் தொட்டிக் குழாயில் பிசுக்கு படிவது மாதிரி கொழுப்பு படிகிறது என்ற எண்ணத்தில் பிறந்த வைத்தியம் அது. கொழுப்பு இருப்பது ரத்தம் ஓடும் ஓட்டையில் இல்லை, சுவருக்குள். எண்டோதீலியத்தைத் தாண்டி உள் அடுக்கில் புகுந்த, ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்துவரும் எல்.டி.எல். துகள்களை வெள்ளையணுக்கள் விழுங்கி, நுரை மாதிரி ஊதி, அங்கேயே மடிகின்றன. அதைச் சுற்றித் தசையும் கொலாஜனும் மூடி போடுகின்றன. கிளை பிரியும் இடங்களில், ஓட்டம் சுழலும் இடங்களில் இது அதிகம்.

இன்னொன்று. சுவர் உள்ளே தடிக்கும்போது குழாய் வெளிப்பக்கமாக விரிந்து, ஓட்டையின் அளவைக் காப்பாற்றப் பார்க்கிறது. குழாயைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், நடு அடுக்குக்கு உட்பட்ட மொத்தப் பரப்பில் சுமார் 40 சதவீதத்தைக் கொழுப்புத் திட்டு பிடிக்கும்வரை ஓட்டை பெரிதாகக் குறைவதில்லை என்று 1987-இல் கிளாகோவ் குழுவினர் இதயத் தமனிகளில் காட்டினார்கள். ஆஞ்சியோகிராமில் தெரிவது ஓட்டை மட்டும், சுவர் தெரியாது. "போன மாதம்தான் எல்லா டெஸ்டும் எடுத்தாரு, நார்மல்னாங்க" என்று துக்க வீட்டில் கேட்கிறோமே, அதில் சில இப்படிப்பட்டவை. திட்டின் மூடி கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, நிமிடங்களில் அடைபட்டிருக்கும்.

பெரிய தமனியின் சுவருக்கே ரத்தம் எங்கிருந்து?

உள்பக்கம், ஓடும் ரத்தத்திலிருந்தே ஊறும். வெளிப்பக்கத்துக்கு எட்டாது என்பதால் அதற்கென்று தனிச் சின்னக் குழாய்கள் சுவருக்குள் கிளைத்திருக்கின்றன. ரத்தக் குழாய்க்கு ரத்தக் குழாய்.

சிரையில் நீல ரத்தமா ஓடுகிறது?

இல்லை. கருஞ்சிவப்பு. தோல் வழியாக ஒளி சிதறித் திரும்புவதால் நீலமாகத் தெரிகிறது. ஊசியில் இழுத்தால் தெரிந்துவிடும்.

வெரிகோஸ் வெயின் ஏன் நின்று வேலை செய்பவர்களுக்கு அதிகம் வருகிறது?

காலில் சிரை புடைத்துச் சுருண்டுகொள்வதுதான் வெரிகோஸ் வெயின். சிரைக்குள் ரத்தம் பின்னோக்கி இறங்காமல் தடுக்கும் வால்வுகள் உண்டு. முதலில் அவற்றைப் பாருங்கள். கைச் சிரை நன்றாகப் புடைத்துத் தெரியும் ஒருவரின் முழங்கைக்கு மேல் துண்டை லேசாகக் கட்டுங்கள். சிரையில் அங்கங்கே சின்ன முடிச்சு மாதிரி தெரியும், வால்வு இருக்கும் இடம் அதுதான். ஒரு முடிச்சுக்குக் கீழே ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் ரத்தத்தை மேல்நோக்கி அந்த முடிச்சைத் தாண்டி வழித்துவிடுங்கள். நடுத்துண்டு காலியாகவே கிடக்கும். மேலேயிருந்து ரத்தம் இறங்காது. கீழ்விரலை எடுத்ததும் குபுக்கென்று நிரம்பும். 1628-இல் ரத்தம் சுற்றிவருகிறது என்று வில்லியம் ஹார்வி நிறுவிய புத்தகத்தில் படம் போட்டிருப்பது இந்தச் சோதனையைத்தான். தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எப்படிக் கடக்கிறது என்பதை அவர் பார்த்ததில்லை. 1661-இல் மால்பிகி தவளையின் நுரையீரலில் தந்துகியைக் கண்டார்.

சிரைச் சுவர் மெலிது, எளிதில் விரியும். உடம்பின் ரத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு எந்நேரமும் சிரைகளில்தான் தங்குகிறது. அசையாமல் நிற்பவரின் பாதச் சிரையில் அழுத்தம் பாதரசக் கணக்கில் சுமார் 90 மில்லிமீட்டர். நடந்தால் ஆடுசதை பிழிந்து பிழிந்து 30-க்கும் கீழே கொண்டுவந்துவிடும். மணிக்கணக்கில் நின்றால் சுவர் விரிந்துகொண்டே போய், வால்வின் இரண்டு இதழ்களும் ஒன்றையொன்று தொட முடியாத நிலை வரும். பரம்பரை, பேறுகாலம், உடல் எடை எல்லாம் இதில் சேரும்.

துணிக்கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நிற்கும் பெண்களின் கால்களைப் பார்த்தவர்களுக்கு இது புத்தக விஷயம் இல்லை. கேரளத்தைத் தொடர்ந்து 2021-இல் தமிழ்நாட்டிலும் கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயமானது. இருக்கை இருந்தும் மேற்பார்வையாளர் வரும்போது எழுந்துகொள்ளும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பைபாஸில் காலிலிருந்து எடுத்த சிரை தமனியின் வேலையைச் செய்யுமா?

செய்யக் கற்றுக்கொள்ளும். சிரையைத் தலைகீழாகத் திருப்பித் தைக்கிறார்கள். இல்லாவிட்டால் வால்வு வழிமறிக்கும். பத்து மில்லிமீட்டர் அழுத்தத்தில் வாழ்ந்த சுவர் திடீரென்று நூறில் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. சில வாரங்களில் தசை பெருகித் தடிக்கிறது. ஆனால் அந்தத் தடிப்பு சில சமயம் நிற்காமல் போய் அதுவே அடைப்பாகிறது. பத்தாண்டுகளில் இப்படி வைத்த சிரைகளில் ஏறக்குறைய பாதி அடைந்துவிடுகின்றன. நெஞ்செலும்புக்குப் பின்னால் ஓடும் மார்புத் தமனியை வைத்தால் பத்தில் ஒன்பது அப்போதும் திறந்திருக்கும். அது பிறவியிலேயே தமனி, எலாஸ்டின் நிறைந்தது.

டயாலிசிஸ் நோயாளியின் கையில் ஏன் குழாய்கள் அப்படிப் புடைத்திருக்கின்றன?

அங்கே சிரையைத் தமனியாக மாறச் சொல்லி வேண்டுமென்றே பழக்குகிறோம். டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு மூன்று தடவை பெரிய ஊசி ஏற்ற வேண்டும், ரத்தம் வேகமாக வர வேண்டும். சாதாரணச் சிரை அதைத் தாங்காது. 1966-இல் அமெரிக்காவில் பிரெஸ்சியா, சிமினோ குழுவினர் ஒரு வழி சொன்னார்கள்: மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் பக்கத்தில் வைத்துத் தைத்துவிடுங்கள். ஃபிஸ்டுலா என்பது இதுதான். தமனி ரத்தம் நேராகச் சிரைக்குள் பாய்ந்ததும், ஆறு முதல் எட்டு வாரத்தில் அதன் சுவர் தடித்து, வாய் அகன்று, ஊசிக்குத் தயாராகும். அதை 'கை பழுப்பது' என்று மாணவர்களிடம் சொல்வேன்.

அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, இறுக்கமான வளையல் கூடாது, தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது. தைத்த இடத்தில் விரலை வைத்தால் உறுமும் பூனையின் முதுகைத் தொட்ட மாதிரி ஓர் அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். நோயாளியையே தினமும் படுக்கும் முன்பும் எழுந்ததும் தொட்டுப் பார்க்கச் சொல்வோம். அது நின்றுபோயிருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அடுத்த டயாலிசிஸ் நாள் வரட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே டயாலிசிஸ் பிரிவுக்குப் போன் செய்ய வேண்டும்.